அனுமதி கடைசிப் படி: ஒரு சேவையை எஸ்இலினக்ஸில் அடைத்து வைப்பது

சர்வரில் புதிய சேவை ஒன்றை நிறுவுகிறோம். கையால் இயக்கினால் ஓடுகிறது; சிஸ்டம்டி வழியாகத் தொடங்கினால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று விழுந்துவிடுகிறது. இந்த இடத்தில் கிடைக்கும் முதல் யோசனை, 'செட்என்ஃபோர்ஸ் 0 போட்டுப் பாருங்கள்' என்பது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் சொல்லும் இரண்டாவது யோசனை, ஆடிட் லாகில் குவிந்த மறுப்புகளை ஆடிட்2அலோ கருவிக்குக் கொடுத்து, அது எழுதித் தரும் விதிகளை அப்படியே ஏற்றிவிடுவது. முதலாவது தவறு என்று இன்று ஏறக்குறைய எல்லா நிர்வாகிகளும் ஒப்புக்கொள்வார்கள், அதைச் செய்வதை இன்னும் நிறுத்தாவிட்டாலும். இரண்டாவதும் பல நேரங்களில் அதே தவறுதான், கொஞ்சம் நாகரிகமாகச் செய்யப்படுகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மறுப்புகளைத் திரட்டி எழுதிய பாலிசி, சோதனை நடந்த அன்று சேவை என்னென்ன செய்தது என்பதைக் காட்டும் ஒரு குறிப்பேடு. அந்தச் சேவை என்னென்ன செய்யலாம் என்ற முடிவை அதிலிருந்து பெற முடியாது. அதை நாம்தான் எடுக்க வேண்டும், அதுவும் லாகைத் திறப்பதற்கு முன்பே.

எஸ்இலினக்ஸ் போன்ற கட்டாய அணுகல் கட்டுப்பாடு எதற்காக வந்தது என்று பார்த்தால் இது விளங்கும். யூனிக்ஸின் பழைய முறையில் ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்பதை அதன் உரிமையாளர் தீர்மானிக்கிறார். ரூட்டுக்குத் தடையே இல்லை. ஒரு புராசஸ், எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அவருக்குள்ள உரிமைகள் அத்தனையையும் பெற்றுக்கொள்கிறது. எனவே வெப் சர்வரில் ஓட்டை விழுந்தால், அந்தப் பயனர் தொடக்கூடிய எல்லாமே நுழைந்தவர் கைக்குப் போய்விடும். இயங்குதளத்தின் அடித்தளத்தில் கட்டாயக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், மேலே எத்தனை பாதுகாப்பு மென்பொருளை அடுக்கினாலும் பயனில்லை என்று அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 1998இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். 2000 டிசம்பரில் அதே முகமை எஸ்இலினக்ஸின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு கர்னல் உருவாக்குநர்கள் கூட்டத்தில் அது முன்வைக்கப்பட்டபோது, ஒரே ஒரு முறையைக் கர்னலோடு பிணைத்துவிட லினஸ் டோர்வால்ட்ஸ் விரும்பவில்லை. எந்த முறையையும் செருகிக்கொள்ளத் தக்க பொது ஏற்பாடு ஒன்றைக் கேட்டார். எல்எஸ்எம் என்ற சட்டகம் அப்படித்தான் வந்தது. 2003 இறுதியில் வெளியான 2.6 கர்னலில் எஸ்இலினக்ஸும், 2010இல் 2.6.36 பதிப்பில் அதே வேலைக்கான இன்னொரு முறையான ஆப்ஆர்மரும் இடம்பெற்றன. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: சேவை ஒருநாள் உடைபடும் என்றே வைத்துக்கொள்வது, உடைந்தபின் அது எதுவரை போகலாம் என்பதை முன்கூட்டியே கர்னலிடம் சொல்லிவைப்பது. ஆகவே ஒரு பாலிசி நல்லதா என்பதை, சேவை தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்து அளக்க முடியாது. தடையில்லாமல் ஓடுவதற்குப் பாலிசியே தேவையில்லை.

நல்ல பாலிசி என்ன செய்யும் என்பதற்குக் கோப்புப் பகிர்வுச் சேவையான சாம்பா ஒரு தெளிவான சான்று. 2017 மே மாதம் வெளியே தெரிந்த சிவிஇ-2017-7494 என்ற ஓட்டை, 2010இல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்தே அதில் இருந்தது. எழுதும் உரிமையுள்ள ஒரு பகிர்வில் தாக்குபவர் ஒரு ஷேர்டு லைப்ரரியை ஏற்றிவிட்டு, சர்வரே அதை எடுத்து இயக்கும்படி செய்துவிடலாம். ஏற்றுவது முறையான வேலை. பகிர்வு இருப்பதே அதற்குத்தான். ஆனால் ரெட் ஹாட்டின் வழக்கமான எஸ்இலினக்ஸ் பாலிசியில், சாம்பா தன் மாட்யூல்களுக்கென்று உள்ள அடைவுகளுக்கு வெளியிலிருந்து எதையும் ஏற்றி இயக்க முடியாது. அதனால் தாக்குதல் அங்கேயே நின்றது என்று அந்த நிறுவனம் தன் அறிவிப்பில் குறிப்பிட்டது. இந்த விதியை எழுதியவருக்கு அந்த ஓட்டையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தான் எழுதக்கூடிய இடத்திலிருந்து ஒரு சேவை நிரலை இயக்கக் கூடாது என்ற பொது முடிவு ஒன்று போதுமாயிருந்தது. லாகை மட்டும் பார்த்து விதி எழுதுபவருக்கு இப்படிப்பட்ட முடிவு எட்டாது, ஏனென்றால் செய்யாதவற்றை லாக் எழுதிவைப்பதில்லை.

'இதெல்லாம் பெரிய வேலை, எங்களுக்கு நேரமில்லை' என்ற மறுப்பில் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது. 2004இல் வந்த ஃபெடோரா கோர் 2, கணினியில் ஓடும் அனைத்தையும் கட்டுப்படுத்தும் கண்டிப்பான பாலிசியோடு வந்தது. எதை எடுத்தாலும் எங்கோ ஒன்று உடைந்தது; கடைசியில் எஸ்இலினக்ஸை அணைத்த நிலையிலேயே அதை வெளியிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஃபெடோரா கோர் 3, வலையை நோக்கி நிற்கும் சில டீமன்களை மட்டும் அடைத்து, மற்றவற்றைப் பழையபடி விட்டுவிட்டது. டார்கெட்டட் என்ற அந்தப் பாலிசிதான் நிலைத்தது. இன்றும் ரெட் ஹாட் குடும்ப விநியோகங்களில் இயல்பாக வருவது அதுவே. ஆகவே கணினி முழுவதையும் ஒரே நாளில் அடைக்கும்படி யாரும் கேட்கவில்லை. வெளியாரின் தரவை நேரடியாக வாங்கும் ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எஸ்இலினக்ஸே காட்டிக்கொடுக்கும்: பிஎஸ் கட்டளையில் பெரிய இசட் தெரிவைச் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு புராசஸின் லேபிளும் தெரியும். தனிப் பாலிசி இல்லாமல் சிஸ்டம்டி தொடங்கிய சேவைகள் அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி என்ற லேபிளோடு நிற்கும். அதாவது, எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங் நிலையில் இருந்தாலும் அவற்றுக்கு அது ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். ஆப்ஆர்மர் உள்ள உபுண்டு, டெபியன் கணினிகளில் ஏஏ-அன்கன்ஃபைன்ட் கட்டளை, போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புரொஃபைல் இல்லாமல் ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும். உங்கள் நிறுவனத்தில் எழுதிய சொந்தச் சேவைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

ஓர் உதாரணத்தோடு போவோம். பயனர்கள் ஏற்றும் படங்களை வாங்கிச் சிறுபடங்களாக மாற்றித் தரும் சேவை ஒன்று. பெயர் தம்ப்டி என்று வைத்துக்கொள்வோம். மாற்றும் வேலையை அது இமேஜ்மேஜிக் நிரலிடம் ஒப்படைக்கிறது. எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: உள்வரும் அடைவில் இருப்பதைப் படிக்கும்; சிறுபட அடைவில் எழுதும்; ஒரு போர்ட்டில் காத்திருக்கும்; தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும்; லாகில் வரி சேர்க்கும். இதற்குக் கீழே, அது செய்யவே கூடாதவற்றை எழுதுங்கள்: ஷெல்லை இயக்காது, வெளியே எந்தக் கணினிக்கும் தானாக இணைப்பு எடுக்காது, ஹோம் அடைவுகளைப் பார்க்காது, தன் நிரலையும் அமைப்புக் கோப்பையும் திருத்தாது, உள்வரும் அடைவில் இருக்கும் எதையும் இயக்காது. முதல் பட்டியலில் ஒன்றிரண்டு விட்டுப்போனால் கவலையில்லை, லாக் அதை நினைவூட்டிவிடும். இரண்டாவது பட்டியலை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. சேவையை எழுதிய நிரலாளரையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு எழுதுவது நல்லது. 'அது ஏன் வெளியே இணைப்பு எடுக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு, யாரும் கேட்காத ஒரு புதுப்பிப்புச் சோதனை உள்ளே ஒளிந்திருப்பது பதிலாக வரலாம்.

அடுத்து வரைவு. எஸ்இபாலிசி ஜெனரேட் கட்டளைக்கு இது இனிட் சேவை என்று சொல்லி நிரலின் பாதையைக் கொடுத்தால், விதிகளுக்கு ஒன்று, எந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்பதற்கு ஒன்று, பிற மாட்யூல்கள் பயன்படுத்தும் இடைமுகங்களுக்கு ஒன்று எனக் கோப்புகளையும், அவற்றைத் தொகுத்து ஏற்றும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டையும் எழுதித் தரும். ஓடும் புராசஸுக்கான லேபிளாகத் தம்ப்டி_டி என்ற டொமைனும், நிரல் கோப்புக்கான தம்ப்டி_எக்ஸெக்_டி என்ற டைப்பும் அதில் பிறந்துவிடும். உள்வரும் அடைவுக்கும் சிறுபட அடைவுக்கும் தனித்தனி டைப்கள் வையுங்கள். இரண்டையும் ஒரே டைப்பில் அடக்கினால், படிக்க மட்டுமே வேண்டிய இடத்தில் எழுதவும் உரிமை போய்ச் சேரும். கருவி தரும் வரைவில் அந்த டொமைன் பெர்மிஸிவ் நிலையில் இருக்கும்: மறுக்க வேண்டியதை மறுக்காமல் லாகில் மட்டும் எழுதும். கணினி முழுவதற்கும் பாதுகாப்பைத் தளர்த்தும் செட்என்ஃபோர்ஸ் 0 இங்கே தேவையே இல்லை. ஒரே ஒரு டொமைனைத் தளர்த்த இந்த வசதி இருக்கிறது. சோதிக்கும்போது சேவையை எப்போதும் சிஸ்டம்சிடிஎல் வழியாகவே தொடங்குங்கள். ரூட் ஷெல்லிலிருந்து நேரே இயக்கினால் அது தம்ப்டி_டிக்குள் போகாமல் ஷெல்லின் டொமைனிலேயே ஓடிவிடும். எந்த மறுப்பும் வராது, வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

பெர்மிஸிவ் லாகைப் படிக்கும்போது அதன் சாட்சியத்துக்கு இரண்டு வரம்புகள் உண்டு என்பது மனத்தில் இருக்கட்டும். பல நிரல்கள் ஓர் இடத்தைத் தொட்டுப் பார்த்து, கிடைக்காவிட்டால் வேறு வழியில் போகக்கூடியவை. பெர்மிஸிவில் முதல் கதவே திறந்துவிடுவதால், தேவையில்லாத வழியில் அவை நெடுந்தூரம் போய்விடும். லாகில் அத்தனையும் தேவை போலவே பதியும். எதிர்ப்பக்கமாக, சில மறுப்புகள் லாகுக்கு வரவே வராது. எல்லா நிரல்களும் வீணாகச் செய்யும் முயற்சிகளைப் பதியாமல் விட டோன்ட்ஆடிட் என்ற விதிகள் பாலிசியில் உள்ளன. லாகில் ஒன்றுமே இல்லாமல் சேவை மட்டும் தோற்றால், எஸ்இமாட்யூல் கட்டளையைப் பெரிய டி, பெரிய பி தெரிவுகளோடு ஓட்டி அந்த விதிகளைத் தற்காலிகமாக நீக்கிப் பாருங்கள்; பார்த்து முடித்ததும் பெரிய பி மட்டும் கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இனி ஒரு மறுப்பை அருகில் வைத்துப் படிப்போம். வெப் சர்வர்களில் அடிக்கடி காணக்கூடியதையே எடுத்துக்கொள்கிறேன். மறுக்கப்பட்ட செயல்: ரீட். முயன்ற நிரல்: என்ஜின்எக்ஸ். கோப்பின் பெயர்: தளத்தின் முகப்புப் பக்கம். மூலச் சூழல்: எச்டிடிபிடி_டி. இலக்குச் சூழல்: யூசர்_ஹோம்_டி. வகை: ஃபைல். கடைசியில் பெர்மிஸிவ்=0. அவசரக்காரர் முதல் 3 புலங்களோடு நிறுத்திக்கொண்டு, 'வெப் சர்வர் தன் பக்கத்தைப் படிக்க எஸ்இலினக்ஸ் விடவில்லை' என்று முடிவு கட்டுவார். செய்தி முழுவதும் இருப்பது இலக்குச் சூழலில். வெப் அடைவில் கிடக்கும் கோப்புக்கு ஹோம் அடைவின் லேபிள் எப்படி வந்தது? யாரோ தன் ஹோம் அடைவுக்கு ஏற்றிவிட்டு, எம்வி கட்டளையால் இங்கே நகர்த்தியிருக்கிறார். நகர்த்தினால் பழைய லேபிள் கூடவே வரும். சிபி கொண்டு நகலெடுத்தால் புதிய கோப்பு போய்ச் சேரும் அடைவின் லேபிளைப் பெறும். ஆக, பாலிசியில் பிழையில்லை. லேபிளைச் சரியானதாக மாற்றும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது. இதே மறுப்பை ஆடிட்2அலோவிடம் கொடுத்தால், ஹோம் அடைவு லேபிளுள்ள கோப்புகளை எச்டிடிபிடி_டி படிக்கலாம் என்று ஒரு விதியைத் தரும். கூடவே, இதற்கென்றே பாலிசியில் ஒரு பூலியன், அதாவது திறந்து மூடக்கூடிய தெரிவு, இருக்கிறது, அதைத் திறந்தாலும் போதும் என்று குறிப்பும் எழுதும். குறிப்பு இலக்கணப்படி சரி. அதைக் கேட்டு நடந்தால் ஒரு கோப்பின் தவறான லேபிளுக்காக, பயனர்களின் ஹோம் அடைவுகளையெல்லாம் வெப் சர்வருக்குத் திறந்துவிட்டவர்களாவோம். பக்கம் அதன்பின் திறக்கும். யாரும் மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு மறுப்பிடமும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ள வேண்டும். இலக்கின் லேபிள் சரிதானா என்பது முதல் கேள்வி. கோப்பு வழக்கமான இடத்தில் இருந்தால் ரெஸ்டோர்கான் போதும். தரவை /டேட்டா போன்ற புதிய இடத்துக்குக் கொண்டுபோயிருந்தால், எஸ்இமேனேஜ் கொண்டு அந்தப் பாதைக்கு உரிய லேபிளை நிரந்தரமாகப் பதிந்துவிட்டுப் பிறகு ரெஸ்டோர்கான் ஓட்ட வேண்டும். சிஎச்கான் கொண்டு கையால் மாற்றிய லேபிள், அடுத்த முறை கணினி முழுவதும் மறுலேபிளிடப்படும்போது காணாமல் போய்விடும். போர்ட் எண்ணுக்கும் லேபிள் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சேவையை வேறு போர்ட்டுக்கு மாற்றியபின் வரும் மறுப்புக்கு விடை அங்கேதான். இரண்டாவது, பாலிசியை எழுதியவர்கள் எதிர்பார்த்து வைத்த பூலியன் இருக்கிறதா, அதில் மிகக் குறுகியது எது என்பது. வெப் பயன்பாடு தரவுத்தளத்தோடு மட்டும் பேச வேண்டுமானால் அதற்குத் தனிப் பூலியன் இருக்கிறது. எல்லா வலை இணைப்புகளையும் திறக்கும் பெரிய பூலியனைத் தொட வேண்டாம். மூன்றாவது கேள்வியை யாரும் விரும்புவதில்லை: சேவைதான் செய்யக் கூடாததைச் செய்கிறதா? நம் இரண்டாவது பட்டியல் பயன்படும் இடம் இது. இந்த மூன்றும் முடிந்து எஞ்சி நிற்கும் மறுப்புக்குத்தான் புதிய விதி.

தம்ப்டிக்குத் திரும்புவோம். சோதனையின்போது யாரோ ஒரு பிடிஎஃப் கோப்பை ஏற்றுகிறார். இமேஜ்மேஜிக் பிடிஎஃப்பைத் தானே பிரிக்காது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற வெளி நிரலை அழைக்கும். இப்படிப்பட்ட அழைப்புகள் ஷெல் வழியாகப் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. லாகில் ஒரு வரி வரும்: தம்ப்டி_டி, ஷெல்_எக்ஸெக்_டி லேபிளுள்ள கோப்பை இயக்க முயன்றது. மறுப்புகளைத் திரட்டி அனுமதிப்பவரின் கண்ணுக்கு இது நூற்றில் ஒரு வரி, ஏற்றிவிட்டுப் போய்விடுவார். 2016 மே மாதம் இமேஜ்டிராஜிக் என்ற பெயரோடு வெளியான சிவிஇ-2016-3714, நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான்: படக் கோப்புக்குள் எழுதிவைத்த முகவரி ஒன்று, வெளி நிரலை அழைக்கும் ஷெல் கட்டளையில் வடிகட்டப்படாமல் போய்ச் சேர்ந்து, தாக்குபவரின் கட்டளையை ஓட்டியது. ஏற்றும் படங்களை இமேஜ்மேஜிக்கிடம் கொடுத்த வலைத்தளங்கள் அதற்கு இலக்காகக்கூடியவையாயின. ஷெல் கூடாது என்று முன்பே எழுதிவைத்த நிர்வாகிக்கு அந்த ஒரு வரி அனுமதிக் கோரிக்கையாகத் தெரியாது, ஒரு கேள்வியாகத் தெரியும்: நமக்கு பிடிஎஃப் வேண்டுமா? வேண்டாமென்றால் இமேஜ்மேஜிக்கின் சொந்த பாலிசி கோப்பிலேயே அந்த வடிவத்தை முடக்கிவிடலாம். வேண்டுமென்றால் பிடிஎஃப்பைப் படமாக்கும் வேலையைத் தனிப் புராசஸுக்கு மாற்றி, வலையும் பிற கோப்புகளும் எட்டாத தனி டொமைனில் அதை அடைக்கலாம்.

இப்படிப் பிரிப்பது அதிகப்படியான யோசனையாகத் தோன்றினால், ஆண்ட்ராய்டு எடுத்த முடிவைப் பாருங்கள். 2013இல் வந்த 4.3 பதிப்பு எஸ்இலினக்ஸைப் பெர்மிஸிவ் நிலையில் சேர்த்தது, 4.4இல் சில முக்கிய டீமன்கள் மட்டும் என்ஃபோர்சிங்கில் வந்தன; 2014 இறுதியில் 5.0இல் எல்லாமே வந்தன. படிப்படியாகத்தான் அவர்களும் போனார்கள். ஆனால் 2015இல் வீடியோக் கோப்புகளைப் பிரிக்கும் ஸ்டேஜ்ஃபிரைட் நூலகத்தின் ஓட்டைகள் வெளிவந்தபோது, அதை இயக்கிய மீடியாசர்வர் என்ற புராசஸ் தனக்கென்று ஒரு டொமைனில் இருந்தும் கவலை தீரவில்லை. கேமரா, ஒலி, வலை, வீடியோக் கோப்புகளைப் பிரிப்பது என எல்லா வேலையும் ஒரே புராசஸில் இருந்ததால், அந்த டொமைனுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய உரிமைகள் மிக அதிகம். நம்பிக்கையற்ற கோப்புகளைப் பிரிக்கும் பகுதியும் அத்தனையையும் அனுபவித்தது. 2016இல் வந்த 7.0இல் அதைப் பல புராசஸ்களாக உடைத்தார்கள். கோப்பைப் பிரிக்கும் பகுதிக்கு வலை இணைப்பு இல்லாமல் போயிற்று. புராசஸ் எவ்வளவு அகலமோ, பாலிசியும் அவ்வளவு அகலமாகத்தான் இருக்க முடியும். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: நெவர்அலோ என்ற வகை விதிகளால் 'இது ஒருபோதும் அனுமதிக்கப்படாது' என்பதைப் பாலிசிக்குள்ளேயே எழுதினார்கள். பின்னால் யாராவது தவறான அனுமதியைச் சேர்த்தால் தொகுக்கும் கட்டத்திலேயே பிழை விழும். நாம் தாளில் எழுதிய இரண்டாவது பட்டியலின் இயந்திர வடிவம் இது. ஆப்ஆர்மரில் டினை விதிகள் இதற்கு நெருக்கமானவை; எந்த அனுமதி விதி எதிரே நின்றாலும் டினைதான் வெல்லும்.

எழுதிய பாலிசியைச் சோதிப்பதும் இரு பக்கமாக இருக்க வேண்டும். சேவை தன் வேலையைச் செய்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். செய்யக் கூடாததைச் செய்ய முடியவில்லையா என்பதையும் பாருங்கள். எஸ்இசர்ச் கருவியிடம் தம்ப்டி_டி எந்தெந்த டைப்களை இயக்கலாம், எந்தெந்த டைப்களில் எழுதலாம் என்று கேட்டு, இரண்டு விடைகளிலும் ஒரே டைப் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வந்தால் சாம்பாவில் அடைபட்ட கதவு உங்களிடம் திறந்திருக்கிறது. நீங்கள் எழுதாத அனுமதிகளும் விடையில் வரும். இடைமுகங்களை அழைக்கும்போது அவை ஒரு கட்டாக உள்ளே வருகின்றன. கோப்பில் 20 வரி எழுதியிருக்கிறோம், ஆகவே 20 அனுமதிதான் என்று நினைப்பது பெரிய தவறு.

ஆப்ஆர்மர் பழகியவர்கள் இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுப்பலாம். ஏஏ-ஜென்புரோஃப் கருவி கற்றல் முறையில்தான் புரொஃபைல் எழுதுகிறது. அதில் என்ன குறை? கருவியில் குறையில்லை. ஆடிட்2அலோ போல மொத்தமாக எழுதித் தள்ளாமல், ஒவ்வொரு நிகழ்வையும் காட்டி விடை கேட்கிறது என்பதில் அது மேல். குறை, விடை சொல்பவர் கை ஒரே விசையில் பழகிப்போவதில். இன்னொரு நிரலை இயக்கும் இடத்தில் அது கேட்கும் கேள்விக்கு, இதே புரொஃபைலுக்குள் இயக்கு, அதற்கென்று உள்ள புரொஃபைலில் இயக்கு, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இயக்கு என்று வெவ்வேறு விடைகள் உண்டு. கடைசி விடையை ஒருமுறை அழுத்தினால் அடைத்த சேவைக்குப் பின்வாசல் வைத்தாயிற்று. ஆப்ஆர்மர் பாதையைப் பார்ப்பதால் விதிகளைப் படிப்பது எளிது. எஸ்இலினக்ஸ் லேபிளைப் பார்ப்பதால் கோப்பு எங்கே நகர்ந்தாலும் கட்டுப்பாடு கூடவே போகும். ஒன்று முகவரியைப் பார்த்து விடுகிறது, மற்றது ஆளைப் பார்த்து விடுகிறது. எது மேல் என்ற நெடுநாள் சண்டையில் இறங்க எனக்கு ஆசையில்லை. உங்கள் விநியோகத்தில் எது பராமரிக்கப்பட்டு வருகிறதோ அதைப் பயன்படுத்துங்கள். டெபியன் 2019இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் ஆப்ஆர்மரை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது; அதில் எஸ்இலினக்ஸை வலியக் கொண்டுவருவதில் பெரிய லாபமில்லை.

'நாங்கள் எல்லாவற்றையும் கன்டெய்னரில் ஓட்டுகிறோம்' என்பது இன்று அதிகம் கேட்கும் மறுப்பு. 2019 பிப்ரவரியில் வெளியான சிவிஇ-2019-5736 அதற்குப் பதில் சொல்கிறது. கன்டெய்னருக்குள் ரூட்டாக இருக்கும் புராசஸ், வெளியே ஹோஸ்டில் உள்ள, கன்டெய்னர்களைத் தொடங்கி வைக்கும் ரன்சி நிரலையே மாற்றி எழுதிவிட முடிந்தது. அடுத்த முறை ரன்சி ஓடும்போது ஹோஸ்ட் கைமாறியது. ரெட் ஹாட் கணினிகளில் கன்டெய்னர் புராசஸ்கள் கன்டெய்னர்_டி என்ற தனி டொமைனில் ஓடியதால் எஸ்இலினக்ஸ் இதைத் தடுத்தது. அதே சமயம் ஃபெடோராவின் மோபி-எஞ்சின் தொகுப்பில் அந்தப் புராசஸ்கள் கன்டெய்னர்_ரன்டைம்_டி என்ற அகலமான டொமைனில் ஓடின. எஸ்இலினக்ஸ் விழித்திருந்தும் தடுக்கவில்லை. ஆப்ஆர்மரின் இயல்பான புரொஃபைலும் தடுக்கவில்லை. கன்டெய்னர் இருந்ததா, எஸ்இலினக்ஸ் இயங்கியதா என்பதை விட, எந்த டொமைனில் எது ஓடியது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

கர்னலிலேயே ஓட்டை இருந்தால் இதெல்லாம் எதற்கு என்ற மறுப்பை முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும். விதிகளை அமல்படுத்துவது கர்னல். அது வீழ்ந்தால் விதிகளும் வீழும். இன்னும் சங்கடமான ஒன்றும் நடந்திருக்கிறது. நினைவகத்தின் பூஜ்ஜியப் பக்கத்தை யாரும் தனதாக்கிக்கொள்ளாதபடி கர்னலில் ஒரு தடை இருந்தது. எஸ்இலினக்ஸ் ஏற்றப்பட்ட கணினிகளில் அந்தத் தடைக்குப் பதில் எஸ்இலினக்ஸின் பாலிசியே கேட்கப்பட்டது. அடைக்கப்படாத பயனர்களுக்கு அந்தப் பாலிசி அனுமதி கொடுத்தது. 2009இல் இது வெளிச்சத்துக்கு வந்தபோது, எஸ்இலினக்ஸ் உள்ள கணினி அந்த ஒரு விஷயத்தில் இல்லாததை விடப் பலவீனமாக இருந்தது. பிறகு இரண்டு தடைகளையும் சேர்த்தே பார்க்கும்படி திருத்தினார்கள். அப்போதும், அடைக்கப்பட்ட வெப் சர்வர் டொமைனுக்கு அந்த அனுமதி இல்லை. கர்னல் ஓட்டையைத் தொட ஒரு சேவை எந்தெந்த வழிகளில் போக முடியும் என்பதையும் பாலிசி குறைக்கிறது. ஆனால் கர்னலைப் புதுப்பிப்பதற்கு அது மாற்று ஆகாது.

சிஸ்டம்டி யூனிட் கோப்பில் உள்ள புரொடெக்ட்சிஸ்டம், புரொடெக்ட்ஹோம், பிரைவேட்டெம்ப் போன்ற தெரிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை எளியவை, நல்லவை, முதலில் அவற்றையே போடுங்கள். சிறிய உள் சேவைக்கு அதோடு நிறுத்தினாலும் தப்பில்லை. வெளியாரின் கோப்பைத் திறந்து பார்க்கும் சேவைக்கு அது போதாது என்பது என் தீர்ப்பு. நோநியூபிரிவிலெஜஸ் தெரிவைச் சேர்த்தபின் சேவை தன் டொமைனுக்குள்தான் போகிறதா என்று மீண்டும் பிஎஸ் கட்டளையால் சரிபாருங்கள். அந்தத் தெரிவு டொமைன் மாற்றத்தையே தடுக்கக்கூடும். 4.14 கர்னலிலிருந்து அதற்கெனத் தனி அனுமதியைப் பாலிசியில் கொடுக்கலாம்.

பாலிசியின் மூலக் கோப்புகளைச் சேவையின் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வையுங்கள். ஒவ்வொரு அனுமதி வரிக்கும் மேலே, அது எந்த வேலைக்காக என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத வராத வரி, நீக்கிப் பார்க்க வேண்டிய வரி. சேவையின் புதிய பதிப்பு வரும்போது புதிய மறுப்புகள் வந்தால் அதே வரிசையில் கேள்வி கேளுங்கள். கடைசியாக, கருவி எழுதிய வரைவின் தொடக்கத்தில் தம்ப்டி_டியைப் பெர்மிஸிவ் ஆக்கும் ஒரு வரி இருக்கிறது. அது இருக்கும்வரை நீங்கள் எழுதிய எந்த விதியும் எதையும் தடுக்காது. என்ஃபோர்சிங் என்று கணினி காட்டும், லாக் நிரம்பும், சேவை மட்டும் கட்டில்லாமல் ஓடும். அந்த வரியை நீக்கித் தொகுத்து ஏற்றி, எஸ்இமேனேஜ் தரும் பெர்மிஸிவ் பட்டியலில் உங்கள் டொமைன் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணி முடிந்ததாக எழுதிக் கொடுங்கள்.